பரிசு வாங்கியவர் பாதிக்கப்பட்டவர் ஆக மாட்டாரா?

கேள்வி: திமித்ரி லிகச்சோவ் என்ற ரஷ்ய இலக்கிய அறிஞரின் சோவியத் சிறைமுகாம் நினைவுகளைச் சிலர் பெரிதாகப் பேசுகிறார்கள். ஸ்டாலின் பரிசு வாங்கி, சோவியத் அறிவியல் கழக உறுப்பினராகி, 92 வயது வரை வாழ்ந்தவர் அவர். அவரை எப்படி ஒடுக்கப்பட்டவர் என்பது? அறுபது வருடம் கழித்து எழுதியதை நம்பலாமா? மாக்சிம் கார்க்கியே அந்த முகாமை நேரில் பார்த்துப் பாராட்டி எழுதியிருக்கிறாரே!

பதில்: பரிசு கிடைத்தது 1952இல். அதற்கு 24 வருடம் முன்னால் நடந்ததை முதலில் பார்ப்போம்.

1928 பிப்ரவரி 8 அன்று அவரைக் கைது செய்தார்கள். வயது 21, லெனின்கிராத் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்கும் தறுவாய். நண்பர்கள் சிலர் 'பிரபஞ்ச அறிவியல் கழகம்' என்று விளையாட்டாகப் பெயர் வைத்துக் கூடிப் பேசி வந்தார்கள். புரட்சிக்குப் பின் மாற்றிய எழுத்துமுறையைவிடப் பழைய ரஷ்ய எழுத்துமுறையே சிறந்தது என்று லிகச்சோவ் அங்கே ஒரு கட்டுரை படித்தார். தலைப்பிலேயே ஆட்சியைச் சாடும் கடுஞ்சொற்கள் இருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. கழகத்தின் ஆண்டு நிறைவுக்குப் போப்பாண்டவரே வாழ்த்தியதுபோல ஒரு நண்பர் வேடிக்கையாகத் தந்தி வேறு அடித்தார். இவ்வளவுதான் எதிர்ப்புரட்சிச் சதி. தண்டனை ஐந்து வருடம்.

அனுப்பிய இடம் வெள்ளைக் கடலில் உள்ள சொலவ்கி தீவு. பழைய மடாலயம் ஒன்றைச் சிறைமுகாம் ஆக்கியிருந்தார்கள். "இங்கே நடப்பது சோவியத் ஆட்சி இல்லை, சொலவ்கி ஆட்சி" என்பது காவலர்கள் புதுக் கைதிகளுக்குச் சொன்ன வரவேற்புரை. அங்கே லிகச்சோவுக்குக் குற்றவியல் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நினைவுக்குறிப்பில் என்னை அதிகம் உலுக்கிய பக்கங்கள் இந்த வேலையைப் பற்றியவை. சீட்டாட்டத்தில் போட்டிருந்த துணி வரைக்கும் தோற்றுவிட்டு, படுக்கைப் பலகைகளுக்கு அடியில் ஒளிந்து கிடந்த சிறுவர்கள் அங்கே இருந்தார்கள். வெளியே வர உடை கிடையாது, அதனால் ரேஷனும் கிடையாது. லிகச்சோவ் முகாம் கொட்டடிகளில் புகுந்து அவர்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவர் கதையையும் கேட்டு எழுதி, சிறுவர்களுக்கான குடியிருப்புக்கு மாற்ற வழி செய்தார். குற்றவாளிகளின் சீட்டாட்டம் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1930இல் முகாமின் பத்திரிகையிலேயே அச்சானது. அதுதான் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை. முகாமில் இருந்தபோதே எழுதி வைத்த குறிப்புகளும் உண்டு. ஆக, எல்லாம் கிழவர் வயதான பிறகு யோசித்துச் சொன்னது என்பது சரியல்ல.

இனி கார்க்கி. தமிழில் மூன்று தலைமுறை அவரை நேசித்துப் படித்திருக்கிறது, எனக்கும் அந்த நேசம் உண்டு. ஆனால் 1929 ஜூனில் சொலவ்கிக்கு அவர் வந்தது தனியாக அலைந்து திரிந்து பார்க்க அல்ல. அரசியல் காவல் துறை ஏற்பாடு செய்து, கூடவே வந்து காட்டிய பயணம் அது. வருகைக்காக முகாமைத் துடைத்து மெழுகினார்கள். தண்டனை அறையில் கைதிகளின் கையில் செய்தித்தாள் கொடுத்து உட்கார வைத்ததாகவும், அதைத் தலைகீழாகப் பிடித்திருந்த ஒருவரிடம் போய் கார்க்கி நேராகத் திருப்பி வைத்ததாகவும் கைதிகள் சொல்லி வந்தார்கள். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அவரிடம் தனியாக உண்மை எல்லாவற்றையும் சொன்னான், கார்க்கி கண்ணீரோடு வெளியே வந்தார், அப்புறம் அந்தப் பையனைக் காணவில்லை என்று லிகச்சோவ் எழுதுகிறார். அந்தப் பையனைப் பற்றிச் சந்தேகிக்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். சரி, அவனை ஒதுக்கி வைத்தே பேசுவோம். கார்க்கி வந்து போன நான்கு மாதத்தில், அதே தீவில், கைதிகளைக் கூட்டமாகச் சுட்டார்களே, அதை எங்கே வைப்பது?

1929 அக்டோபர் இறுதி. லிகச்சோவின் பெற்றோர் மகனைப் பார்க்க வந்திருந்தார்கள். அவரைக் கூட்டிப் போக ஆள் வந்து போனதாக ஒருவர் ரகசியமாகச் சொல்ல, பெற்றோரிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் நழுவி, இரவு முழுக்க விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். விடிந்ததும் அவருக்கு உறைத்தது ஒன்றுதான்: சுட வேண்டியவர்களின் கணக்கு நிறைந்துவிட்டது, தன் இடத்தில் வேறொருவனைக் கொண்டுபோயிருக்கிறார்கள். சுட்டது எத்தனை பேரை என்பதில் அவர் சொன்ன எண்ணைவிட ஆவணங்கள் காட்டும் எண் குறைவு. அறுபது வருட நினைவில் எண் பெரிதாகலாம். அதற்காக அந்த இரவு இல்லை என்றாகிவிடாது. யார் என்றே தெரியாத அந்த ஒருவனுக்காகவும் சேர்த்து வாழ வேண்டியவன் தான் என்று லிகச்சோவ் கடைசிவரை நினைத்தார்.

1932இல் விடுதலையானவருக்குக் கிடைத்தது அச்சுப்பிழை திருத்தும் வேலை. குற்றப்பதிவு நீங்கியது 1936இல், அதுவும் அறிவியல் கழகத் தலைவர் கர்ப்பீன்ஸ்கி தலையிட்டுப் பேசிய பிறகு. 1938இல் ரஷ்ய இலக்கிய நிறுவனத்தில் சேர்ந்து பழைய ரஷ்ய இலக்கியத்தில் மூழ்கினார். ஏன் அந்தத் துறை என்பதற்கு அவரே காரணம் சொல்கிறார்: சாகக் கிடக்கும் தாயின் முகத்தைப் பிள்ளைகள் மனதில் பிடித்து வைத்துக்கொள்ள நினைப்பதுபோலத்தான் ரஷ்யாவை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினாராம். நீங்கள் சொல்லும் பரிசு, பழைய ரஷ்யாவின் பண்பாட்டு வரலாறு பற்றிப் பலர் சேர்ந்து எழுதிய நூலுக்குக் கிடைத்தது. ஆட்சியைப் புகழ்ந்து வாங்கியது என்ற தொனி உங்கள் கேள்வியில் இருக்கிறது, அது நியாயமில்லை.

1970இல் முழு உறுப்பினரான பிறகாவது சொகுசாக இருந்தாரா? 1975இல், ஆட்சியை விமர்சித்த இயற்பியலாளர் சகாரவைக் கண்டித்து அறிவியல் கழகத்தார் விட்ட கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். அந்த இலையுதிர் காலத்தில் அவர் வீட்டு மாடிப்படியிலேயே ஒருவன் தாக்கினான், விலா எலும்பு முறிந்தது. அடுத்த வருடம் வீட்டுக்குத் தீ வைக்க முயற்சி நடந்தது. அப்போது அவருக்கு வயது 69. கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் அவரைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.