மகள் ஜெர்மனியில், பெற்றோர் மலையில்: வாசகர் கேள்வி–பதில்

மகளும் மருமகனும் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார்கள். நானும் மனைவியும் மே முதல் தேதி போய் மூன்று மாதம் தங்கி, நடுவில் அவர்களோடு பாரிஸ், சுவிட்சர்லாந்து சுற்றிவர ஆசை. எங்களுக்குச் சிறு தேயிலைத் தோட்டம்தான் வருமானம். வருமான வரிக் கணக்கு போட்டதே இல்லை. விசா கொடுப்பார்களா? (வாசகர், கோத்தகிரி)

முதலில் ‘மூன்று மாதம்’ என்ற பேச்சை விடுங்கள். ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) கணக்கு நாள் கணக்கு: எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். மே 1 அன்று இறங்கினால் ஜூலை 29தான் 90வது நாள். ஜூலை 31க்கு டிக்கெட் போட்டால் இரண்டு நாள் அத்துமீறல். ஜூலை 29 அன்றே கிளம்பினாலும் மறுபடி உள்ளே நுழைய அக்டோபர் 28 வரை பொறுக்க வேண்டும். விசா ஸ்டிக்கரில் ‘முதல்–வரை’ தேதிகளோடு, தங்கும் நாட்கள் என்று தனியாக ஓர் எண் இருக்கும். தேதி தாராளமாக இருந்தாலும் அந்த எண்ணைத் தாண்டக்கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

அதிக நாள் தங்குவது ஜெர்மனியில் என்பதால் ஜெர்மனி விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிசுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அதுவே போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளைக்குக் குறைந்தால் எடுக்க மாட்டார்கள். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. கைரேகைக்கு இருவரும் நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும்படி, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

பணத்துக்கு வழி மகளிடம் இருக்கிறது. அவர் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சம்பளச் சீட்டுகளைக் காட்டி, உங்கள் செலவுக்குத் தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் ஒரு பொறுப்பேற்புப் பத்திரம் தருவார்கள். கட்டணம் 29 யூரோ. ஜெர்மனில் ‘ஃபெர்ஃப்ளிஷ்டுங்ஸெர்க்ளேருங்’. வாயில் நுழையாவிட்டால் கவலையில்லை, மகளுக்குத் தெரிந்தால் போதும். அதன் அசல் கூரியரில் உங்களுக்கு வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் செல்லாது. பெரிய நகரங்களில் இதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்காகும். எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்க வேண்டியது இதுதான்.

ஊர் திரும்புவீர்கள் என்பதைக் காட்டுவது உங்கள் பொறுப்பு. பட்டா, சிட்டா, ஃபேக்டரி மாதாமாதம் கொடுக்கும் இலைப் பட்டியல், அந்தப் பணம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட் ஆகியவற்றைச் சேருங்கள். பச்சை இலையை விற்று வரும் வருமானம் விவசாய வருமானம், அதற்கு வரி கிடையாது என்று விளக்கக் கடிதத்தில் ஒரு வரி எழுதினால் ‘ஏன் வரிக் கணக்கு இல்லை’ என்ற கேள்விக்குப் பதிலாகிவிடும். கடைசி வாரத்தில் யாரிடமாவது கைமாற்று வாங்கிக் கணக்கில் போடாதீர்கள். திடீரென்று வந்த லட்சம், இல்லாத லட்சத்தைவிடச் சந்தேகத்தைக் கிளப்பும்.

இன்னொரு சிக்கல் நம் இனிஷியல். உங்கள் பாஸ்போர்ட்டில் ஒற்றை எழுத்து, மகளுடையதில் விரித்த பெயர் என்றிருந்தால் உறவை நிரூபிக்க அவருடைய பிறப்புச் சான்றிதழை வையுங்கள். தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பும் வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் பாலிசி அதைத் தள்ளிவைக்கிறதா என்று வாங்குமுன் பார்ப்பது நல்லது. விசாவுக்குப் போதுமான பாலிசி ஆஸ்பத்திரிக்குப் போதாமல் போகலாம்.

மகன் மியூனிக்கில் இருக்கிறான். மலை ரயிலைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். சுவிட்சர்லாந்தில் யூங்ஃப்ராவா, பெர்னினாவா? என் கணவருக்கு 72 வயது, ரத்த அழுத்தம் உண்டு. எல்லோருக்கும் ஒரே ரயில் பாஸ் வாங்கலாமா? (வாசகி, குன்னூர்)

பெர்னினாவுக்கே எங்கள் ஓட்டு. யூங்ஃப்ரா பாதை முடியும் யூங்ஃப்ராயோக் ரயில் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது, தொட்டபெட்டாவைவிட 800 மீட்டருக்கும் மேல் உயரம். பள்ளத்தாக்கிலிருந்து ஓரிரு மணி நேரத்தில் அங்கே ஏற்றிவிடுவார்கள். டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. பெர்னினா பாதையின் உச்சியான ஓஸ்பிட்சியோ பெர்னினா 2,253 மீட்டர். ஏறக்குறைய ஊட்டிதான், குன்னூர்க்காரருக்குப் புதிதில்லை.

ரயில் ரசிகருக்கு வேடிக்கையும் அங்கேதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் ரயில் 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. அதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் போட்டு, எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு வரும். பெர்னினாவில் ஏற்றம் 14க்கு ஒன்று, ஆனால் பல்லே கிடையாது. சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும் பிடியிலேயே மின்சார ரயில் ஏறுகிறது. நம் ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சின்களில் பழையவை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள்.

‘பெர்னினா எக்ஸ்பிரஸ்’ என்ற பெயர்ப்பலகை வண்டிக்கு இருக்கைப் பதிவுக் கட்டணம் தனி. அதன் பெரிய கண்ணாடிகள் திறக்காது. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வண்டியில் பதிவு வேண்டாம், நடுவில் இறங்கி ஏறலாம். மியூனிக்கிலிருந்து ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். கூர் நகரில் ஓர் இரவு தங்குங்கள்.

ஒரே பாஸ் முடியாது, ஐரோப்பிய ரயில் பாஸ் இரண்டு வகை. ஐரோப்பாவில் குடியிருக்கும் மகனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்றாலும் இன்டர்ரெயில். இந்தியாவிலிருந்து வரும் உங்களுக்கு யூரெயில். இன்டர்ரெயிலில் அவர் குடியிருக்கும் ஜெர்மனிக்குள் வெளியே போக ஒன்று, திரும்ப ஒன்று என்றுதான் பயணம். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. 60 வயது தாண்டியவர்களுக்குப் பாஸில் 10 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. ஆனால் மூன்று நான்கு நாள் பயணத்துக்குப் பாஸைவிட முன்கூட்டி எடுக்கும் சலுகை டிக்கெட் மலிவாக அமைவதே அதிகம். அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் என்பதால், வண்டி மாறும் இடத்தில் வயதானவர்களுக்கு அரை மணியாவது விட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

எல்லை தாண்டும்போது எல்லோரும் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், மகன் குடியிருப்பு அட்டையையும் சேர்த்து. சுவிட்சர்லாந்து ஷெங்கனில் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அங்கே பணம் ஃபிராங்க். ஜெர்மன் சிம்மின் இலவச ரோமிங்கும் அங்கே செல்லுபடியாகும் என்று நம்பி டேட்டாவைத் திறந்துவைத்தால் பில் வந்து நிற்கலாம்.

ஜெர்மனி போய்விட்டு லண்டனையும் எட்டிப்பார்க்கலாமா? (வாசகர், கூடலூர்)

பிரிட்டனுக்குத் தனி விசா. ஜெர்மனியில் வாழும் இந்தியருக்கும் அப்படியே. லண்டன் போனதும் ஷெங்கனைவிட்டு வெளியேறியவர் ஆகிவிடுவீர்கள். ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் ‘மல்டி’ என்றில்லாமல் 1 என்று இருந்தால் ஜெர்மனிக்குத் திரும்ப முடியாது. அயர்லாந்துக்கும் இதே கதை.

பேரனுக்கு நெய், மலைப்பூண்டு, வர்க்கி, தேன் கொண்டுபோகலாமா? (வாசகி, கொடைக்கானல்)

நெய் கூடாது, பால், இறைச்சிப் பொருள் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள். பால்கோவா, நம் மலைச் சீஸ் எல்லாம் இதில் அடக்கம். பூண்டு, கறிவேப்பிலை, பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். விதிவிலக்கான வாழைப்பழம், தேங்காய் போன்ற சிலதைத் தவிர. வர்க்கி, சாக்லேட், சாம்பார் பொடி, காப்பித்தூள் தாராளமாகப் போகும். தேன் ஆளுக்கு 2 கிலோ வரை. கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலை எடுத்துவிடுவார்கள், தேனும் திரவக் கணக்குதான். செக்‑இன் பெட்டியில், மூடியை டேப்பால் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் வையுங்கள்.