துக்க வீட்டில் அப்பாவின் கைலி

அன்புள்ள ஐயா,

நைஜீரியாவில் போர்ட் ஹார்கோர்ட்டில் எண்ணெய்க்கிணறு பக்கம் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்பவரின் பெரியப்பா காலமானதால் அவர்கள் ஊரான புகுமாவுக்குப் போயிருந்தேன். கலபாரி இனத்தவர்கள். உடலைக் கிடத்தியிருந்த அறையில் கட்டில், சுவர் எல்லாம் நம் கட்டம்போட்ட கைலித்துணி! ஆண்கள் இடுப்பிலும் அதுதான். கடலூரில் என் அப்பா கட்டும் அதே சிவப்புக் கட்டம். கேட்டால், “இன்ஜிரி, எங்கள் பாரம்பரியத் துணி” என்கிறார்கள். உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர்கள் மொழியில் தமிழ்போல் ஒலிக்கும் சொற்களைப் பட்டியலிட்டு இணைத்திருக்கிறேன். சோழர் கப்பல்கள் அங்கேயும் போயிருக்குமா? அடுத்த முறை ஊரிலிருந்து கைலி வாங்கிப்போய் அந்த வீட்டாருக்குக் கொடுக்கலாமா, தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

சோழர் கப்பல் அங்கே போகவில்லை. சொற்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டேன். எந்த இரண்டு மொழியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் இப்படிப் பத்துச் சொல் தேறும். எண்ணெய்க்கிணறு பக்கம் வேலை பார்க்கிறவருக்கு இதற்கெல்லாம் எங்கிருந்து நேரம் கிடைக்கிறது?

ஆனால் துணி நம்முடையதுதான். பழவேற்காடு, சென்னை, சீராலா என்று இந்தக் கரையில் நெய்து போனது. ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்பது வணிகத்தில் அதன் பெயர். பெயரில்தான் கைக்குட்டை, கட்டுவது இடுப்பில். மான்செஸ்டர்காரர்கள் இதே கட்டத்தைப் போலி செய்து விற்றார்கள். அதனால்தான் ‘ரியல்’ என்ற சொல் தேவைப்பட்டது.

உங்கள் கடிதம் வந்தபோது குறிஞ்சிப்பாடியில் தாத்தா வீட்டை விற்க ஒழித்துக்கொண்டிருந்தோம். கூடத்தில் இருந்த தறிக்குழியை மண் போட்டு மூடியாகிவிட்டது. வாங்குகிறவர் டைல்ஸ் போடப்போகிறாராம், போடட்டும். அந்தத் தறியில் தாத்தா நெய்தது கட்டம்போட்ட கைலிதான். அம்மாச்சி நாடாவுக்கான நூலைத் தார் சுற்றுவாள். சரக்கு வெளிநாடு போகிறது என்று மட்டும் தெருவில் எல்லோருக்கும் தெரியும், எந்த நாடு என்று ஒருவருக்கும் தெரியாது. பாவில், அதாவது நீளவாட்டு நூலில், ஓர் இழை அறுந்து கட்டம் தப்பியிருந்தால் முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டு துணியைத் தூக்கிப் போடுவார். அந்த ரிஜெக்ட் துணியில்தான் எங்களுக்கெல்லாம் சட்டை. “இதை யாரு கட்டுறாங்களோ, மகராசனா இருக்கட்டும்” என்பாள் அம்மாச்சி, கூலி பிடித்த நாளில்கூட. எனக்குக் கோபமாக வரும்.

சரி, நீங்கள் சிலிர்த்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் துணி எப்படி அங்கே போனது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்காரர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்க ஏற்றிப்போன சரக்கில் முதலிடம் துணிக்குத்தான். அதில் பெரும்பங்கு இந்தியத் துணி. 1700-லும் 1721-லும் லண்டன் பாராளுமன்றம் சட்டம் போட்டு, இந்திய அச்சுத்துணியைத் தன் மக்கள் உடுத்தக்கூடாது என்று தடுத்தது. ஆனால் அதே துணியை லண்டனில் இறக்கி மறுபடி கப்பலேற்றத் தடை இல்லை. ஆப்பிரிக்காவில் அதைக் கொடுத்து ஆள் வாங்கலாம் அல்லவா?

நீங்கள் போன ஊர்க்காரர்களின் முன்னோரும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. ‘நியூ கலபார்’ என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த அவர்களுடைய துறைமுகம் பெரிய அடிமைச் சந்தை. உள்நாட்டிலிருந்து வந்த மனிதர்களை விற்று, துணியை வாங்கிக்கொண்டார்கள். 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தபின் மெல்ல மெல்லப் பனை எண்ணெய் வணிகம் அந்த இடத்துக்கு வந்தது. நம் பக்கம் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. பழவேற்காட்டில் துணி வாங்கிய அதே டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் இந்தக் கரையின் ஏழைகளை விலைக்கு வாங்கி பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். விற்றவர்களில் நம்மவர்களும் உண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு ராஜேந்திரன் கப்பலைத் தேடுகிறீர்கள். நெய்தவனுக்குக் கூலி என்ன, அந்தத் துணிக்கு ஈடாகப் போனவன் யார் என்று கேட்காமல் வருகிற பெருமிதம் எனக்கு வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம் என்பேன்.

இப்படிச் சொல்வதால் அவர்கள் அதை ‘எங்கள் பாரம்பரியம்’ என்றது பொய்யாகிவிடாது. பிள்ளையை முதுகில் கட்டுவதிலிருந்து சாவுக்கட்டில்வரை தலைமுறை தலைமுறையாக அந்தத் துணி அவர்களோடு இருக்கிறது. அதோடு, கலபாரிப் பெண்கள் ஒரு வேலை செய்வார்கள். கட்டம்போட்ட துணியில் குறிப்பிட்ட இழைகளை பிளேடால் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் இழைகளில் வலைபோல ஒரு புதிய வடிவம் தெரியும். ‘பெலெடே பிட்டே’ என்று பெயர், முழுத்துணியைவிட அதற்குத்தான் மதிப்பு. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. ஓர் இழை குறைந்ததற்குக் கூலி பிடித்த முதலாளியை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்!

நீங்கள் பார்த்த சுவரில் தொங்கியது முழுத்துணியா, இழை உருவியதா? எழுதவில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார்? இறந்தவர் என்ன வேலை பார்த்தார்? அந்தத் துணி யார் பெட்டியிலிருந்து வந்தது? சோழரைப் பற்றிக் கேட்டு, சொற்பட்டியலும் போட்டவருக்கு அந்த வீட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதத் தோன்றவில்லையே. மறுபடி போங்கள், வயதான பெண்களிடம் கேளுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

கைலி தாராளமாக வாங்கிப்போகலாம். தைக்காத பருத்தித்துணியாகப் பார்த்து வாங்குங்கள். பாலியஸ்டர் கலந்ததைக் கொடுத்துவிட்டு நம்மூர்த் துணி என்று சொல்லாதீர்கள். முந்நூறு வருஷமாக இந்தத் துணியில் அசலும் போலியும் பிரித்துப் பழகியவர்கள், தொட்டதுமே கண்டுபிடித்துவிடுவார்கள்.