பட்டா இல்லை, எஸ்டி சான்றிதழும் இல்லை: மலையில் வீடு கட்ட வழி உண்டா?

கேள்வி: அந்தியூர் தாலுகா பர்கூர் மலையில் வசிக்கும் மலையாளி என்ற மலைவாழ் இனத்தவர் நாங்கள். தாத்தா கட்டிய மண்சுவர் வீடு போன மழையில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அரசு வீடு கேட்டால் ஊராட்சியில் பட்டா கேட்கிறார்கள். நாங்களே சுவர் எழுப்பினால் வனத்துறை தடுக்கிறது. சேலம் மாவட்டம் பாலமலையில் இருக்கும் என் மாமா வீட்டாருக்கு எஸ்டி சான்றிதழ் உண்டு, எங்களுக்கு இல்லை. அண்ணன், தம்பி, நான் என மூன்று குடும்பமும் ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: முதலில் சான்றிதழ் விஷயம். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி என்று மாவட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. பட்டியல் போட்டபோது உங்கள் மலை கோயம்புத்தூர் மாவட்டம், அது இதில் இல்லை. அதனால்தான் மாமாவுக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்கவில்லை. அநியாயம்தான். ஆனால் பட்டியலைத் திருத்த நாடாளுமன்றத்தால்தான் முடியும். தாசில்தாரிடம் மாமாவின் சான்றிதழைக் காட்டிப் பயனில்லை. அதற்கான போராட்டம் தனியாக நடக்கட்டும், வீடு அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

2006 வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு மட்டுமானதல்ல. 'இதர பாரம்பரிய வனவாசிகள்' என்ற பிரிவில் நீங்கள் வருவீர்கள். வன நிலத்தில் குடியிருக்கும் உரிமையையும் அது அங்கீகரிக்கிறது, உழுகிற நிலத்தை மட்டுமல்ல. 2024இல் அந்தப் பக்கக் காடு தந்தை பெரியார் சரணாலயம் ஆகிவிட்டதே என்று பயப்படாதீர்கள், சரணாலயத்துக்கும் இச்சட்டம் பொருந்தும்.

சிக்கல் ஆதாரத்தில்தான். பழங்குடியினர் என்றால் 13.12.2005 அன்று அனுபவத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். நீங்களோ அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1930க்கு எந்தக் கிழவரிடம் ரசீது இருக்கும்? ஆனால் இச்சட்டத்தின் விதி 13 காகிதத்தை மட்டும் கேட்கவில்லை. பழைய வீடு, கிணறு, இடுகாடு, வம்சாவளி, மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாமே அதில் சான்றுகள்தான். ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும். இன்ன காகிதம்தான் வேண்டும் என்று அதிகாரிகள் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. என்னிடம் வழக்கு கொடுத்த ஒருவர் ஒன்றுமே இல்லை என்றுதான் வந்தார். கடைசியில் தகரப் பெட்டியின் அடியில், மாட்டுக்கு வனத்துறை கொடுத்த மேய்ச்சல் சீட்டு கிடைத்தது, கரையான் அரித்த ஓரத்தோடு, அப்பன் பெயரில். உங்கள் வீட்டிலும் பர்கூர் மாடு இருந்திருக்குமே, தேடிப் பாருங்கள்.

நில உரிமை கோரும் படிவம் 'அ'வை கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொடுத்து எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். அங்கே நிராகரித்தால் 60 நாளுக்குள் கோட்டாட்சியர் தலைமையிலான குழுவிடம் மனு செய்யலாம். உங்களைக் கேட்காமல் மனுவைத் தள்ள முடியாது.

மூன்று குடும்பமும் தனித்தனி அடுப்பு என்றால் தனித்தனியாக மனு கொடுங்கள். ரேஷன் கார்டையும் இப்போதே பிரித்துவிடுங்கள். கார்டு ஒன்று என்றால் அலுவலகக் கணக்கில் வீடும் ஒன்றுதான். உரிமை ஆவணம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது.

ஆவணம் வந்தபின் ஊராட்சியில் 'பட்டா எங்கே' என்றால் விதி 16ஐக் காட்டுங்கள். உரிமை அங்கீகரிக்கப்பட்டவர்களுக்கு அரசுத் திட்டங்களைக் கொண்டுசேர்ப்பது மாநில அரசின் பொறுப்பு என்கிறது அது. கலைஞர் கனவு இல்லம் போன்ற அரசு வீட்டுத் திட்டங்களுக்கு அதை இணைத்தே விண்ணப்பியுங்கள்.

அதுவரை? மனு முடியும்வரை உங்களை வெளியேற்ற முடியாது, அதே சட்டத்தின் பிரிவு 4(5). அதற்காகப் புது அறை இழுத்துக் கட்டிவிடாதீர்கள், வழக்கு உங்கள் மீதே திரும்பும். பழைய அடித்தளத்தில் செய்யும் பழுதுக்குக் கூட வனச்சரகருக்கு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சரிந்த மண்ணை அள்ளுவதற்கு முன் வீட்டை நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.