வாசகர் கேள்விகள்: ஸ்போர்ட்ஸ் கார்கள் அழகை இழந்துவிட்டனவா?

கேள்வி: என் தந்தையார் சேர்த்து வைத்திருந்த பழைய கார் பத்திரிகைகளில் ஜாகுவார் இ-டைப், லம்போர்கினி மியூரா ஆகியவற்றின் படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களோ சினம் கொண்ட பூச்சிகளைப் போலத் தோன்றுகின்றன. எங்கு நோக்கினும் ஓட்டைகள், மடிப்புகள், இறக்கைகள். அழகாகக் கார் வரையும் கலை அழிந்துவிட்டதா, அல்லது எனக்குத்தான் வயதாகிவிட்டதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் வயதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, கண்ணில் பழுதில்லை என்று மட்டும் சொல்ல முடியும். நீங்கள் குறிப்பிட்ட கார்களில் இருந்த, இன்றைய கார்களில் பெரும்பாலும் காணாமல் போன ஒன்று உண்டு. அது சும்மா விடப்பட்ட பரப்பு. இ-டைப்பின் பக்கவாட்டில் ஹெட்லைட்டிலிருந்து வால் வரை பார்வையை ஓட்டினால் அது எங்கும் தடுக்கி நிற்காது. இன்றைய கார் ஒன்றில் அதே தூரத்தைக் கடப்பதற்குள் கண் பத்து இடங்களில் நின்றுவிடுகிறது.

இதற்குக் காற்றைக் குற்றம் சொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு; ஆனால் பாதி உண்மைதான். ஏனெனில் இ-டைப்பை வரைந்ததே காற்றுதான். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான அந்தக் காரின் உருவத்தை வகுத்த மால்கம் சேயர், பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு ஜாகுவாருக்கு வந்த காற்றியக்கப் பொறியாளர். தம்மை அலங்காரக் கலைஞர் என்று அழைப்பதை அவர் விரும்பவில்லை; வளைவுகளைக் கணக்குப் போட்டே வகுத்தவர் அவர். அன்று அவர் முன் இருந்த கேள்வி, காற்றைக் குறைந்த எதிர்ப்புடன் கிழித்துச் செல்வது எப்படி என்பது. அந்தக் கேள்விக்கு விடை தேடினால் மீனைப் போன்ற வழுவழுப்பான உடல்தான் கிடைக்கும். இன்றைய கேள்வி வேறு: காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்துவது எப்படி, அதே காற்றை உள்ளே இழுத்து எஞ்சினையும் பிரேக்கையும் குளிர்விப்பது எப்படி? இதற்கான விடை ஓட்டைகளும் தகடுகளுமாகத்தான் வரும். இ-டைப்பின் 3.8 லிட்டர் எஞ்சினுக்கு அறிவிக்கப்பட்ட திறன் 265 குதிரைத்திறன்; 2019-இல் வந்த ஃபெராரி எஸ்எஃப்90-இன் எஞ்சினும் மின்மோட்டார்களும் சேர்ந்து தருவது 1000. அவ்வளவு திறனோடு பிறக்கும் வெப்பம் எங்காவது வெளியேறியாக வேண்டும் அல்லவா?

பழைய அழகுக்கு ஒரு விலையும் இருந்தது. படத்தைப் பார்த்து ரசிப்பவர்கள் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1966-இல் வெளிவந்த மியூராவை, இத்தாலியக் கார் வடிவமைப்பு நிறுவனமான பெர்த்தோனேவுக்காக வரைந்த மார்செல்லோ காந்தினிக்கு அப்போது 27 வயது. நடுவில் குறுக்காகக் கிடத்திய 12 சிலிண்டர் எஞ்சின், இடுப்பளவைவிடச் சற்றே உயர்ந்த உடல் என்று அதில் எல்லாமே துணிச்சல். ஆனால் மிகு வேகத்தில் அதன் மூக்கு மேலெழும்பும். எரிபொருள் டாங்க் முன்புறம் இருந்ததால், பெட்ரோல் தீரத் தீர முன்பக்கத்தின் எடை குறைந்து நிலைமை இன்னும் மோசமாகும். இதைப் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 1998-இல் வந்த முதல் ஆடி டிடி, பின்புறம் உருண்டு வழியும் தூய வடிவத்துக்காக உலகமெங்கும் பாராட்டப்பட்டது. ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் அதிவேகத்தில் உயிரிழப்பு விபத்துகள் நேர்ந்த பிறகு, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனைத் திருத்தி, டிக்கி மூடியின் மேல், பின்புறம் மேலெழும்பாமல் தடுக்கும் சிறியதொரு ஸ்பாய்லரையும் பொருத்தினார்கள். அந்தத் துண்டுத் தகடு வடிவைக் கெடுத்தது என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கும் சிறு வருத்தம்தான். இருந்தும் அது இல்லாத காரை மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓட்டச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

காற்றைவிட அழகைக் கூடுதலாகக் கெடுத்தது பருமன் என்பது என் கருத்து. 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் காட்டப்பட்ட முதல் போர்ஷே 911-இன் அகலம் 1610 மில்லிமீட்டர். 2018-இல் அறிமுகமான தலைமுறையின் அகலம் 1852. நீளமும் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் கூடிவிட்டது. 911 தன் சாயலை விடாமல் காத்து வந்த கார் என்பதால் அதில் இந்தப் பெருக்கம் உறுத்துவதில்லை. மற்ற கார்களில் அப்படி இல்லை. மோதலைத் தாங்கும் பக்கவாட்டுச் சட்டங்கள், உருண்டாலும் நசுங்காத கூரைத் தூண்கள், காற்றுப் பைகள் ஆகியவற்றால் கதவு உயர்ந்து, கண்ணாடி சிறுத்து, பக்கவாட்டு ஒரு சுவரைப் போல ஆகிவிட்டது. அந்தச் சுவரின் பருமனை மறைக்கத்தான் குறுக்கே மடிப்புக் கோடுகளை இழுக்கிறார்கள், கீழ்ப்பகுதிக்குக் கறுப்புப் பூசுகிறார்கள், 20 அல்லது 21 அங்குல வீல்களை மாட்டுகிறார்கள். மெலிந்த உடலுக்கு இவ்வளவு ஒப்பனை தேவைப்படாது.

கேள்வி: சட்டங்கள்தாம் கார்களின் அழகைக் கொன்றன என்றும், மேலெழும் ஹெட்லைட்டுகள் தடை செய்யப்பட்டன என்றும் சொல்கிறார்களே, உண்மையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: தடை என்ற சொல் மிகை. மேலெழும் ஹெட்லைட்டுகளுடன் கடைசியாக உற்பத்தியில் இருந்த லோட்டஸ் எஸ்ப்ரி, ஐந்தாம் தலைமுறை கார்வெட் இரண்டும் 2004-இல் விடைபெற்றன. சாலையில் நடப்பவர் மீது கார் மோதினால் அவருக்கு ஏற்படும் காயத்தைக் குறைப்பதற்கான ஐரோப்பிய விதிகள் அக்காலத்தில்தான் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தன. துருத்தி நிற்கும் விளக்குப் பெட்டியை வைத்துக்கொண்டு அவற்றை நிறைவேற்றுவது கடினம். அதற்குள் சிறிய விளக்கிலேயே போதிய ஒளி கிடைக்கத் தொடங்கியிருந்ததால், மோட்டாரும் கீலும் வைத்து விளக்கைத் தூக்கவேண்டிய காரணமும் மறைந்துவிட்டது. அதே விதிகள் பானெட்டுக்கும் அடியிலுள்ள எஞ்சினுக்கும் இடையே வெற்றிடம் கேட்டதால் மூக்குகள் உயர்ந்தன என்பதும் மெய்தான். சில கார்களில் மோதிய கணத்தில் பானெட் தானே மேலெழும்படி செய்து, தாழ்ந்த மூக்கைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

சட்டத்தின் மீதான இந்தப் புலம்பல் பழையது. அமெரிக்கா 1970-களில் விதித்த பம்பர் விதிகளுக்காக, 1974-இல் பிரிட்டனின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், குரோம் பம்பரைக் கழற்றிவிட்டுக் கறுப்பு ரப்பர் மூக்கு ஒன்றை மாட்டிக்கொண்டது. விளக்குகள் விதித்த உயரத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக உடலும் தரையிலிருந்து தூக்கப்பட்டது. பாவம், அழகிய கார். ஆனால் அது சட்டத்தின் குற்றமா, புதிய உடலை வரையப் பணமில்லாத நிறுவனத்தின் நெருக்கடியா என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன். எல்லா விதிகளுக்கும் உட்பட்டே வந்த இன்றைய மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் நீளம் 3915 மில்லிமீட்டர். 1989-இல் வந்த முதல் எம்எக்ஸ்-5-இன் நீளம் 3970. பிள்ளை தந்தையைவிடக் குட்டை. அளவு கட்டுக்குள் இருந்ததால் அதன் பக்கவாட்டில் கோடுகளைத் திணிக்கவேண்டிய தேவையும் எழவில்லை.

கேள்வி: காற்றே நுழையாத போலி ஓட்டைகளை ஏன் வைக்கிறார்கள்? (வாசகர், சேலம்)

பதில்: வேகமான கார்களில் ஓட்டைகள் இருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஓட்டை இருந்தால் வேகம் என்று தோன்றிவிடுகிறது. 2019-இல் மீண்டு வந்த டொயோட்டா சுப்ராவின் பானெட்டிலும் கதவிலும் அடைக்கப்பட்ட ஓட்டைகள் இருந்தன. பந்தயத்துக்கு மாற்றுபவர்கள் திறந்துகொள்ளலாம் என்பது நிறுவனம் தந்த விளக்கம். வாங்குபவர்களில் எத்தனை பேர் திறந்திருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். மெக்லாரன் சென்னா காரின் கோரத்தை நான் மன்னித்துவிடுவேன். 250 கிலோமீட்டர் வேகத்தில் 800 கிலோ அழுத்தம் தருவதற்காக வந்த கோரம் அது. பொய்யான ஓட்டையை மன்னிப்பது கடினம்.

இந்தப் பழக்கமும் புதிதன்று. லம்போர்கினியின் கவுன்டாக் காருக்கு விருப்பத்தின் பேரில் பொருத்தித் தரப்பட்ட பின்னிறக்கை அதன் உச்ச வேகத்தைக் குறைத்தது. ஆனாலும் கேட்டு வாங்கினார்கள்; 1980-களில் சிறுவர்களின் அறைச் சுவர்களில் தொங்கிய படங்களில் பலவும் இறக்கை வைத்த கவுன்டாக்தான்.

கேள்வி: பினின்ஃபரீனா போன்ற இத்தாலியக் கார் வடிவமைப்புப் பட்டறைகளைக் கைவிட்டதுதான் ஃபெராரியின் வீழ்ச்சிக்குக் காரணமா? (வாசகர், சென்னை)

பதில்: வீழ்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். 1950-களில் தொடங்கிய அந்த உறவு 2012-இன் எஃப்12 பெர்லினெட்டாவோடு ஏறத்தாழ முடிந்தது. அதன்பின் ஃபிளாவியோ மான்சோனியின் தலைமையில் ஃபெராரி தன் வீட்டிலேயே வரைகிறது. பினின்ஃபரீனாவை நம் நாட்டு மஹிந்திரா குழுமம் வாங்கிவிட்டது. முன்பு வெளியாள் ஒருவர் வரைந்துகொண்டு வந்ததைப் பொறியாளர்கள் ஏற்றுக்கொண்டோ வாதாடியோ காராக்கினார்கள். இன்று காரின் மீது காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வேலை செய்பவரும் வரைபவரும் ஒரே கூரையின் கீழ் அன்றாடம் பேரம் பேசுகிறார்கள். இதில் வரைபவர் சில சமயம் தோற்கிறார். தோற்காதபோது 2019-இன் ரோமா போன்ற கார் வருகிறது: வெட்டோ வடுவோ இல்லாத பக்கவாட்டு, வேண்டும்போது மட்டும் பின்கண்ணாடியின் அடியிலிருந்து எழும் ஸ்பாய்லர்.

கேள்வி: இன்றைய கார்களில் நீங்கள் அழகென்று சுட்டிக்காட்டக்கூடியவை எவை? (அதே கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: ரோமாவைச் சொல்லிவிட்டேன். காற்றை உடலின் அடியில் வேலை வாங்கிவிட்டு மேற்பரப்பை நிம்மதியாக விட்ட இரண்டு கார்களை அதனுடன் சேர்க்கலாம். ஒன்று, பந்தயக் கார் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரே 2020-இல் காட்டிய டி.50. பின்புறத்தில் 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள மின்விசிறி ஒன்று அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவதால், மேலே இறக்கை தேவைப்படவில்லை. 1978-இல் பிரபாம் அணியின் ஃபார்முலா ஒன் பந்தயக் காரில் அவரே விசிறி வைத்து ஒரே ஒரு பந்தயம் ஓடவிட்ட பழைய யோசனையின் மறுபிறவி இது. அது கோடீஸ்வரர்களுக்கானது. மற்றொன்று 2017-இல் வந்த ஆல்பின் ஏ110. சுமார் 1100 கிலோ எடை, தட்டையான அடிப்பாகம், இறக்கையில்லாத பின்புறம். முன்னால் நான்கு வட்ட விளக்குகள், 1960-களின் ஏ110-ஐ நினைவூட்டும்படி. அதன் பக்கவாட்டில் ஹெட்லைட்டிலிருந்து வால் வரை பார்வையை ஓட்டிப் பாருங்கள். எங்கே தடுக்கியது என்று எனக்கு எழுதுங்கள்.