பிளாஸ்மிட் கொடுத்தவர் பெயரை எங்கே போடுவது?

கேள்வி: நாங்கள் 11 கல்லூரி மாணவர்கள். தண்ணீரில் ஈயம் இருந்தால் பச்சையாக ஒளிரும் பாக்டீரியா ஒன்றை உருவாக்கி ஐஜெம் என்ற செயற்கை உயிரியல் போட்டிக்குத் தயாராகிறோம். இரண்டு பேராசிரியர்களும் ஓர் ஆய்வு மாணவரும் வழிகாட்டுகிறார்கள். பக்கத்து ஆய்வகம் பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையம்) கொடுத்தது. பன்னிரண்டாவதாக இருந்த தோழி இரண்டு மாதம் வேலை செய்துவிட்டு விலகிவிட்டாள். பங்களிப்பு விவரம் எழுத உட்கார்ந்தால், யார் பெயரை எங்கே போடுவது என்று தினம் ஒரு சண்டை. வழிகாட்டிகள் செய்ததை அப்படியே எழுதினால் 'இது மாணவர்கள் செய்ததே இல்லை' என்று நடுவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. எப்படி எழுதுவது?

பதில்: பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். வழிகாட்டி உதவினார் என்று எழுதியதற்காக ஒரு குழு மதிப்பெண் இழந்ததை நான் பார்த்ததில்லை. எழுதாமல் விட்டு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 'இந்த ப்ரைமரை யார் டிசைன் செய்தது?' என்று நடுவர் சாதாரணமாகத்தான் கேட்பார். (ப்ரைமர் என்பது டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடக்கமாக வைக்கும் குட்டித் துண்டு.) மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதற்கப்புறம் அந்தக் குழு எதைச் சொன்னாலும் அவர் பாதி நம்பிக்கையோடுதான் கேட்பார்.

இந்த விவரத்தைப் போட்டி அமைப்பே கேட்கிறது. ஐஜெம், 2003-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரு ஜனவரி மாத வகுப்பாகத் தொடங்கி, 2004-இல் 5 குழுக்களோடு போட்டியானது. இன்று நூற்றுக்கணக்கான குழுக்கள் வருகின்றன. சிலருக்குப் பின்னால் பெரிய ஆய்வகம் இருக்கும். சிலருக்கு டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் கருவியே இரவல். இவர்களை ஒரே அளவுகோலில் அளக்க வேண்டுமானால் எது மாணவர் கைவேலை, எது பிறர் உதவி என்று தெரிந்தாக வேண்டும். அதனால்தான் வெண்கலப் பதக்கத்துக்கான அடிப்படை நிபந்தனைகளிலேயே பங்களிப்பு விவரமும் இருக்கிறது. அதற்கென்று ஒரே மாதிரியான படிவமும் வைத்திருக்கிறார்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். சீனியர்கள் எழுதியதைப் பார்த்து எழுதாமல் இந்த ஆண்டு விதியைத் திறந்து படியுங்கள்.

சரி, சண்டைக்கு வருவோம். நீங்கள் பெயர்களிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள் என்பது என் ஊகம். வேலையிலிருந்து தொடங்குங்கள். திட்டத்தில் நடந்த வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வினைச்சொல்லோடு ஆளைப் போடுங்கள். இதில் தமிழ் நமக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. செய்தார், சொல்லிக்கொடுத்தார், செய்துகொடுத்தார், கொடுத்தார்: நான்கும் நான்கு விதமான பங்கு. ஜெல் ஓட்டியவர், அதாவது டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்தவர், செய்தார். ஓட்டப் பழக்கியவர் சொல்லிக்கொடுத்தார். நீங்கள் தேர்வுக்குப் போயிருந்த நாளில் உங்களுக்காக ஓட்டி வைத்தவர் செய்துகொடுத்தார். ஜெல் பெட்டியை இரவல் தந்தவர் கொடுத்தார். படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பும்போது இந்த நான்கையும் 'ஹெல்ப்' என்ற ஒரே சொல்லில் கரைத்துவிடத்தான் கை போகும். அதனால் முதல் வரைவைத் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

ஓர் உதாரணம். நான் வழிகாட்டிய ஒரு குழுவுக்கு மூன்று வாரம் காலனியே (பிளேட்டில் வளரும் பாக்டீரியாத் திட்டு) வரவில்லை. கிப்சன் அசெம்பிளி முறையில் டிஎன்ஏ துண்டுகளை ஒட்டுவார்கள், ஈ.கோலை பாக்டீரியாவில் போடுவார்கள், மறுநாள் காலையில் பிளேட் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். ப்ரைமர் தப்பு என்று ஒருவர், என்சைம் கெட்டுவிட்டது என்று இன்னொருவர். கடைசியில் ஆய்வு மாணவர் ஒருவர் வந்து, நன்றாக வேலை செய்யும் பியுசி19 பிளாஸ்மிட்டை அதே செல்களில் போட்டுப் பார்த்தார். அதிலும் காலனி இல்லை. அசெம்பிளியில் குறை இல்லை, காம்பிடென்ட் செல்கள்தான், அதாவது டிஎன்ஏவை உள்ளே வாங்கத் தயார்செய்த பாக்டீரியா செல்கள்தான், செத்துக் கிடந்தன. புது செல் தயாரித்த மறுநாள் பிளேட்டில் காலனி வந்தது.

பங்களிப்பு விவரத்தில் அந்தக் குழு முதலில் எழுதியது இது: 'எங்களுக்கு எல்லா வகையிலும் துணை நின்ற அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. அவர் இல்லையென்றால் இந்தத் திட்டமே இல்லை.' அன்பில் குறையில்லை. ஆனால் நடுவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? முழுத் திட்டத்தையும் அண்ணன்தான் செய்தார் போலிருக்கிறது என்று. நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதை இந்த நன்றி வரியே செய்துவிடும். நாங்கள் திருத்தி எழுதியது:

'காலனி வராததற்கு காம்பிடென்ட் செல்களே காரணம் என்று கட்டுப்பாட்டுச் சோதனை வைத்துக் கண்டுபிடித்தவர் ஆய்வு மாணவர். புதிய செல்களை அவர் சொல்லிக்கொடுக்க மாணவர்கள் இருவர் தயாரித்தார்கள். அதன்பின் நடந்த எல்லா டிரான்ஸ்ஃபார்மேஷனும் (செல்லுக்குள் டிஎன்ஏவைச் செலுத்துவது) காலனி பிசிஆரும் அந்த இருவருடைய வேலை. சீக்வென்சிங் (டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிப்பது) வெளியே கொடுத்துச் செய்யப்பட்டது. முடிவுகளைப் படித்துச் சரிபார்த்தவர் மூன்றாவது மாணவர்.'

ஆளுக்குரிய இடத்தில் பெயர்களைப் போட்டுப் படியுங்கள். அண்ணனுக்கு உரியது அண்ணனுக்குப் போய்விட்டது. முந்தைய வரியைவிடக் கௌரவமாகவே போயிருக்கிறது. மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் பளிச்சென்று தெரிகிறது. சீக்வென்சிங் வெளியே போனது என்று ஒப்புக்கொண்டதால் யாருக்கும் எதுவும் குறையவில்லை.

வேலைப் பட்டியலில் எதெல்லாம் விடுபடும் என்று பார்க்க, ஆய்விதழ்கள் பயன்படுத்தும் கிரெடிட் என்ற வகைப்பாடு உதவும். 14 வகைப் பங்குகள் அதில் உண்டு. 2022-இல் அமெரிக்கத் தேசியத் தரநிலையாகவும் ஆனது. கருத்துருவாக்கம், ஆய்வு, மென்பொருள், எழுத்து எல்லாம் எப்படியும் உங்களுக்கு நினைவுக்கு வரும். தரவுகளை ஒழுங்குபடுத்தியது, படங்கள் வரைந்தது, திட்டத்தை நிர்வகித்தது ஆகியவையும் அந்த 14-இல் தனித்தனி வகைகள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ப்ரைமர் ஆர்டர் போட்டு, கணக்கு வைத்து, கூட்டத்துக்கு எல்லோரையும் வரவழைத்த ஒருவர் உங்கள் குழுவிலும் இருப்பார். பைப்பெட் பிடிக்காததால் அவர் வேலை வேலையாகவே தெரியாது. ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். அப்புறம், பிளேட் ஊற்றி ஆட்டோகிளேவ் வைத்துக் கொடுத்த ஆய்வக உதவியாளர். எழுதுங்கள்.

விலகிப்போன தோழி விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. அவள் செய்த இரண்டு மாத வேலை விலகவில்லை. இலக்கியத் தேடலோ, முதல் புரமோட்டர் வடிவமைப்போ, எதைச் செய்தாளோ அதை எந்தெந்த மாதத்தில் என்று குறித்து எழுதுங்கள். ஏன் போனாள் என்ற கதை வேண்டாம். அதிகாரபூர்வக் குழுப் பட்டியலில் அவள் பெயர் இல்லாமல் போகலாம், அது வேறு. பங்களிப்பு விவரத்தில் இடம்பெற குழு உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. பெயர் வர வேண்டுமா என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பேராசிரியர்களுக்கு வருவோம். ஐஜெமில் முதன்மைப் பொறுப்பாளர், இரண்டாம் பொறுப்பாளர், பயிற்றுநர், ஆலோசகர் என்று தனித்தனிப் பொறுப்புகள் உண்டு. ஆகவே மாணவர் வரிசையில் அவர்கள் பெயர் முதலா கடைசியா என்ற கேள்வியே எழக் கூடாது. உறுப்பினர் பெயர்களை அகரவரிசையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பின்னால் இதே திட்டத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதினால் கணக்கு வேறு. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நெறிகளைப் பல இதழ்கள் பின்பற்றுகின்றன. அதன்படி ஆசிரியராகப் பெயர் வர நான்கு நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பதில்சொல்லும் பொறுப்பு. நிதி வாங்கித் தந்ததோ பொதுவாக மேற்பார்வை பார்த்ததோ மட்டும் போதாது. அதற்கு நன்றிக் குறிப்பில் இடம் உண்டு. இதைப் பேராசிரியரிடம் ஒரு மாணவி எப்படிச் சொல்வது? நெறிகளை அச்செடுத்துக்கொண்டு போய் நீட்டாதீர்கள். வேலைப் பட்டியலோடு போய், 'சார், நீங்கள் செய்ததில் ஏதாவது விட்டுவிட்டோமா?' என்று கேளுங்கள். நான் கண்ட வரையில் பெரும்பாலானோர் ஒன்றைச் சேர்த்துவிட்டு இரண்டை அடித்துவிடுவார்கள்.

இனி பிளாஸ்மிட். உங்கள் பாக்டீரியா பச்சையாக ஒளிர்வது ஜிஎஃப்பி என்ற புரதத்தால் என்றால் இந்தக் கதை உங்களுக்கானது. ஜெல்லிமீனிலிருந்து அதன் மரபணுவை குளோன் செய்து 1992-இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். ஆய்வைத் தொடர அவருக்கு நிதி கிடைக்கவில்லை. மரபணுவைக் கேட்டிருந்த மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் அனுப்பி வைத்தார். அதை வேறோர் உயிரியின் செல்லுக்குள் ஒளிரவைத்துக் காட்டிய 1994-ஆம் ஆண்டுக் கட்டுரையில் சால்ஃபி, பிராஷரையும் ஓர் ஆசிரியராகச் சேர்த்தார். 2008-இல் இந்தப் புரதத்துக்காக வேதியியல் நோபல் பரிசு ஒசாமு ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் கிடைத்தது. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது. பிராஷர் அப்போது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு கார் விற்பனை நிலையத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியெனும் அவருடைய பங்கை வெளிப்படையாகச் சொன்னார்கள். தங்கள் செலவில் அவரை ஸ்டாக்ஹோம் விழாவுக்கும் அழைத்துப் போனார்கள். நம் நான்கு வினைகளில் பிராஷர் செய்தவர், கொடுத்தவர், இரண்டும்தான். கொடுத்ததை மட்டும் எழுதியிருந்தால் பாதி மறைந்திருக்கும்.

அதே 1994 கட்டுரையைச் சுற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. சால்ஃபியின் மனைவி டுல் ஹேசல்ரிக்கும் ஆய்வாளர். இன்னும் வெளியிடாத தன் முடிவைக் குறிப்பிட வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் காபி, ஒரு பிரெஞ்சு விருந்து, ஒரு மாதம் குப்பை கொட்டும் வேலை என்று கணவருக்கு எழுத்திலேயே நிபந்தனை போட்டார். வெளிவராத தரவை எடுத்தாள்வதற்கு அனுமதி வேண்டும் என்பது வீட்டுக்குள்ளும் செல்லும் போல. பக்கத்து ஆய்வகம் உங்களிடம் வாய்வார்த்தையாகச் சொன்ன முடிவு ஏதாவது அறிக்கையில் இருந்தால் இன்றே கேட்டுவிடுங்கள்.

உங்கள் பிளாஸ்மிட்டின் வேரையும் தேடிப் பாருங்கள். அந்த ஆய்வகம் அதை உருவாக்கியதா, எங்கிருந்தாவது வாங்கியதா? ஆட்ஜீன் போன்ற காப்பகத்திலிருந்து வந்திருந்தால் பிளாஸ்மிட் எண், அதைச் சேமிப்புக்குக் கொடுத்த ஆய்வாளர், மூலக் கட்டுரை மூன்றையும் குறிப்பிட வேண்டும். உங்களுக்குக் கையில் தந்த ஆய்வகத்தையும்தான். பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் ஏதாவது கையெழுத்தானதா என்று பேராசிரியரிடம் கேளுங்கள். எப்படி மேற்கோள் காட்ட வேண்டும் என்று அதிலேயே இருக்கலாம். பழைய ஐஜெம் குழு உருவாக்கிய பாகத்தை (டிஎன்ஏ துண்டை) எடுத்திருந்தால் குழுவின் பெயரும் ஆண்டும் பாகத்தின் எண்ணும் வர வேண்டும். அதை நீங்கள் மாற்றியிருந்தால், எந்தப் புள்ளிவரை அவர்களுடையது, எங்கிருந்து உங்களுடையது என்று சொல்லுங்கள்.

திட்டம் பற்றி நீங்கள் பேட்டி கண்ட நிபுணர்களைப் பொறுத்தவரை, பெயர் போடும் முன் அந்த வரியை அவர்களுக்குக் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பெயர் இருந்தாலே உங்கள் முடிவுகளை அவர் ஆமோதிக்கிறார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். வேண்டாம் என்றால் 'பெயர் வெளியிட விரும்பாத நீர்ப் பரிசோதனை நிபுணர்' என்று போதும். கருத்துக்கணிப்பில் கலந்துகொண்டவர்கள் பெயர் வரவே கூடாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவியை மாடலிங் நிரலுக்கோ எழுத்துக்கோ பயன்படுத்தினீர்களா? கருவியின் பெயர், எதற்கு, சரிபார்த்தது யார் என்று மூன்று விவரம் எழுதினால் சரி. அது உறுப்பினரும் இல்லை, ஆசிரியரும் இல்லை.

இத்தனையையும் இப்போது எப்படி நினைவுபடுத்துவது என்று கேட்பீர்கள். லேப் நோட்டு இருக்கிறதல்லவா? ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து, தான் செய்ததைப் பற்றி ஐந்து வரியும் வேறு இருவர் செய்ததைப் பற்றி ஐந்து வரியும் ஒவ்வொருவரும் எழுதுங்கள். சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத இடங்களில் நோட்டைத் திறந்து தேதியைப் பாருங்கள். குரல் உயர்த்த வேண்டியதில்லை. இனி நடப்பதற்கு ஒரு பொது அட்டவணை வைத்து, அன்றன்றைக்கே தேதி, வேலை, செய்தவர், சொல்லிக்கொடுத்தவர் என்று நிரப்புங்கள்.

கடைசியாக, கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியை மட்டும் அனுப்பி, பெயரின் எழுத்துக்கூட்டல் உட்பட சரியா என்று கேளுங்கள். கெடு முடிந்தால் குழுவின் இணையதள உள்ளடக்கம் பூட்டப்பட்டுவிடும், பிறகு யாரும் கை வைக்க முடியாது. ஒரு குழு என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டது. பூட்டிய மறுநாள்தான் பார்த்தோம். இன்றைக்கும் அந்தத் திட்டத்தில் எனக்கு ஓர் எழுத்து குறைச்சல்தான்.