பக்கத்து மேஜைக்காரரிடம் இயேசுவைப் பற்றி எப்படிப் பேசுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐயா, நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். சாட்சி சொல்லாதவர்கள் ஆண்டவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. எனக்குப் பேச வராது. வேதமும் அவ்வளவாகத் தெரியாது. (கோவை வாசகி)

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள், சகோதரி. பயந்து சொல்கிற நற்செய்தி கேட்கிறவருக்கு நற்செய்தியாகவே படாது.

யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்றவனை நினைத்துப் பாருங்கள். படித்த பரிசேயர்கள் சுற்றி நின்று குறுக்குக் கேள்வி கேட்கிறார்கள். அவனிடம் பெரிய விளக்கம் எதுவும் இல்லை. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்கிறான். சாட்சி என்றால் அவ்வளவுதான். நடந்ததைச் சொல்பவர்தானே சாட்சி? வாதாடுவது வக்கீலின் வேலை.

வேதநாயகம் சாமுவேல் அசரியா பேராயரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-ல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். தெலுங்குக் கிராமங்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களிடம், அவரவர் கையைத் தலைமேல் வைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ" என்று சொல்லச் செய்வாராம். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத, நிலமில்லாத கூலிகள். வேதம் முழுவதும் தெரிந்த பிறகு பேசு என்று அவர் சொல்லவில்லை. தெரிந்த மட்டும் சொன்னால் போதும் என்று நம்பினார்.

உங்களுக்கு ஒரே ஒரு பயிற்சி தருகிறேன். இயேசு உங்கள் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று ஐந்தே வாக்கியங்களில் எழுதுங்கள். அதில் சபைத் தமிழ் இருக்கக் கூடாது. "பாரப்பட்டு ஜெபித்தேன்", "அபிஷேகம் இறங்கியது", "இரட்சிக்கப்பட்டேன்" என்பதெல்லாம் நமக்குள் பழகிப்போன பேச்சு. உங்கள் பக்கத்து மேஜைக்காரருக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது. "அப்பா இறந்தபின் இரண்டு வருஷம் நான் யாரையும் மன்னிக்கவில்லை. இப்போது முடிகிறது" என்று சொல்லிப் பாருங்கள், காது கொடுத்துக் கேட்பார். திங்கட்கிழமை யாராவது "நேற்று எங்கே போனீர்கள்?" என்று கேட்டால், உண்மையைச் சொல்வதே நல்ல தொடக்கம்.

கணவர் இன்னும் விசுவாசத்துக்குள் வரவில்லை. வீட்டில் காலை முழுவதும் பிரசங்கச் செய்தி ஓட விடுகிறேன், வசனங்களை ஒட்டி வைத்திருக்கிறேன். அவர் எரிச்சல்படுகிறார். (நாசரேத் வாசகி)

ஓட விடுவதை நிறுத்துங்களம்மா. ஒட்டியதிலும் பாதியை எடுத்துவிடுங்கள். 1 பேதுரு 3-ல் அப்போஸ்தலன், "போதனையின்றி" நடக்கையினாலேயே கணவரை விசுவாசத்துக்குக் கொண்டுவரலாம் என்று எழுதியது உங்களைப் போன்ற மனைவிகளை நினைத்துத்தான். மாமியாரின் முழங்காலுக்குத் தினமும் தைலம் தேய்த்து விடுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை உங்கள் கணவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அவராகக் கேட்கும் நாளில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு எங்கள் வாலிபர் குழு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்து, நோயாளிகளுக்காக ஜெபிக்கிறது. சிலர் முகம் கொடுப்பதில்லை. தொடரலாமா? (மதுரை வாசகர்)

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். இதில் நான் தவறு செய்திருக்கிறேன்.

எனக்கு அப்போது 24 வயது. ஒரு மருத்துவமனையில் சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்த ஒரு பெரியவரின் கட்டிலருகே நின்று, ஒரு வார்த்தை கேட்காமல், தலைமேல் கைவைத்து உரத்த குரலில் ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் மகள் என்னிடம், "அப்பாவால் எழுந்து போக முடியாது, அதனால்தான் இருந்தார்" என்றாள். அந்த வாக்கியம் நாற்பது வருடமாக என்னோடு இருக்கிறது.

எழுந்து போக முடியாதவரிடம் பேசும்போது, 'வேண்டாம்' என்று சொல்லும் வழியை நாம்தான் அவருக்குத் திறந்து வைக்க வேண்டும். மாற்கு 10-ல் ஐசுவரியமுள்ள வாலிபன் துக்கத்தோடு போய்விடுகிறான். இயேசு அவனிடம் அன்புகூர்ந்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது, ஆனாலும் அவனைத் துரத்திக்கொண்டு போகவில்லை. போகவிட்டார்.

ஆகவே தொடருங்கள், ஆனால் முறையை மாற்றுங்கள். மருத்துவமனையில் அனுமதி வாங்குங்கள். கைப்பிரதிக்குப் பதில் முதல் மாதம் முழுவதும் வேலை செய்யுங்கள். மருந்துச்சீட்டோடு அலைகிறவருக்கு வரிசையில் நில்லுங்கள், இரத்தம் தேவைப்பட்டால் கொடுங்கள், துணைக்கு ஆளில்லாதவருக்குக் கஞ்சி வாங்கி வாருங்கள். இவை எதற்கும் கூலியாக ஜெபத்தைக் கேட்காதீர்கள். ஜெபிக்க விரும்பினால், "உங்களுக்காக ஜெபிக்கலாமா? வேண்டாமென்றாலும் நாளை வருவேன்" என்று கேளுங்கள். அப்புறம் உண்மையாகவே மறுநாள் போங்கள். "நம்பினால் குணமாவீர்கள்" என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். குணமாகாமல் போனால் அந்தக் குடும்பம் துக்கத்தோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமக்கும்.

என் மகன் வாட்ஸ்அப்பில் மற்ற மதத்தாரின் தெய்வங்களைக் கேலி செய்து பதிவு போடுகிறான். கேட்டால் 'ஊழியம்' என்கிறான். (தூத்துக்குடி வாசகர்)

அது ஊழியமல்ல. தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

அவனுக்கு ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கின் கதையைச் சொல்லுங்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் படித்தார். தமிழர்களிடம் அவர்கள் வழிபாடு, வழக்கம் பற்றிக் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த பதில்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் தலைவர்கள் அதை அச்சிட விரும்பவில்லை, 1867-ல்தான் வெளிவந்தது. அவர் எழுதிய எல்லாவற்றையும் இன்று நான் ஏற்கமாட்டேன், கடுமையான வரிகளும் உண்டு. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பேசக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மகன் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் ஏன் விரதம் இருக்கிறார் என்று கேட்டிருக்கிறானா?

சுவிசேஷம் சொல்வது சட்டப்படி குற்றமா? வேலை மாற்றலாகி வட மாநிலம் போகிறேன். (சென்னை வாசகர்)

குற்றமல்ல. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. ஆனால் 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கொள்கைகளை எடுத்துச் சொல்லும் உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றும் அடிப்படை உரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. சுதந்திரத்துக்குப் பின் ஒடிசாவில் 1967-லும் மத்தியப் பிரதேசத்தில் 1968-லும் முதல் மதமாற்றத் தடைச் சட்டங்கள் வந்தன. உத்தரப் பிரதேசத்தில் 2021-ல் கடுமையான சட்டம் வந்தது. வற்புறுத்தல், ஏமாற்று, ஆசைகாட்டல் ஆகியவற்றைத் தடுப்பது இவற்றின் நோக்கம் என்று சொல்லப்படுகிறது. நடைமுறையில் சாதாரண ஜெபக்கூட்டம் மீதும் புகார் வருவதுண்டு. போகிற ஊரில் உள்ள சபை மூப்பர்களிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். பொருள் கொடுத்து ஆள் சேர்ப்பதை, சட்டம் தடுக்காத இடத்திலும் நாம் செய்யக் கூடாது.

பதினோரு வருடமாக ஒரு கிராமத்துக்குப் போகிறேன். ஒருவர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. சபையில் ஒவ்வொரு மாதமும் 'எத்தனை ஆத்துமா?' என்று கேட்கிறார்கள். (தர்மபுரி வாசகர்)

அந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பற்றித்தான் எனக்கு வருத்தம், உங்களைப் பற்றி அல்ல. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று எழுதிய பவுல், நட்டவனிடம் விளைச்சல் கணக்கைக் கேட்கவில்லை. மாதாமாதம் எண்ணிக்கை கேட்டால் ஊழியக்காரர் என்ன செய்வார்? அவசரப்படுவார், கூட்டிச் சொல்வார், ஆட்களைத் தலைகளாக எண்ணத் தொடங்குவார்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், அந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால் இப்போது உங்களுக்கும் ஆள் அனுப்பிச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மாத அறிக்கையில் அதை எழுதுங்கள். மூப்பர்களில் இரண்டு பேரை ஒருமுறை உங்களோடு பஸ்ஸில் அந்த ஊருக்கு அழைத்துப் போங்கள்.