ஆற்றைக் கடக்கும் படகு: நேரம் காண எந்த வேகத்தால் வகுப்பது?

ஆற்றின் அகலம் 120 மீட்டர், நீரோட்டம் நொடிக்கு 3 மீட்டர், படகு நேர்க்குறுக்கே நொடிக்கு 4 மீட்டர். தொகுபயன் (இரண்டு வேகமும் சேர்ந்து தரும் வேகம்) √(3² + 4²) = 5 என்று சரியாகக் கண்டுபிடித்து, 120-ஐ 5-ஆல் வகுத்து 24 நொடி என்கிறீர்கள். அது ஏன் தப்பு?

அந்த 5, சாய்வான பாதையில் படகின் வேகம். 120 மீட்டரோ நேர்க்குறுக்குத் தூரம். திசை வேறான இரண்டை வகுக்கக் கூடாது. அகலத்தைக் கடக்க உதவுவது 4 மட்டும்தான்: 30 நொடி. அதற்குள் நீரோட்டம் படகை 90 மீட்டர் கீழே தள்ளிவிடும். சரிபார்த்துக்கொள்ளுங்கள்: சாய்பாதை 150 மீட்டர், 5-ஆல் வகுத்தால் அதே 30.

முதலில் படம் வரையுங்கள். அப்புறம் ஆற்றோடு ஓர் அச்சு, குறுக்கே ஓர் அச்சு. கணக்கு தனித்தனி, நேரம் மட்டும் பொது.

சரி, நேர் எதிர்க்கரையில் இறங்க வேண்டுமென்றால்? படகை நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்த்து 3-ஐ ஈடுகட்டினால், படகின் 4-இல் குறுக்கே மிஞ்சுவது √(4² − 3²) = √7, சுமார் 2.65. கடக்க ஏறக்குறைய 45 நொடி.